மாங்காய்ப் பெட்டிகளும் ரூபியும்: ஒரு பருவம் எனக்குக் கற்றுக்கொடுத்தவை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சந்தூரை ஒட்டி எங்கள் மாந்தோப்பு இருக்கிறது. பாதிக்கு மேல் பெங்களூரா மரங்கள். அந்தக் காய் நேராகக் கூழ் தொழிற்சாலைக்குப் போய்விடும். மீதி செந்தூரா, பங்கனப்பள்ளி, கொஞ்சம் மல்கோவா, கடைசியில் வரும் நீலம். மண்டிக்குக் கொண்டுபோனால் அன்றைய வரத்தைப் பொறுத்துத்தான் விலை என்பதால், 2024 ஆம் ஆண்டுப் பருவத்தில் பெங்களூருவிலும் சென்னையிலும் இருக்கும் வீடுகளுக்கு ஐந்து கிலோப் பெட்டிகளாக நேரடியாக அனுப்பலாம் என்று குடும்பத்தில் முடிவெடுத்தோம். ஆர்டர் வாங்க ஒரு வலைப்பக்கம் வேண்டியிருந்தது. விசாரித்தபோது ஒருவர் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கேட்டார். நான் பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவள். ஆனால் திருமணத்துக்குப் பிறகு ஆறு ஆண்டுகளாக ஒரு வரி நிரல்கூட எழுதியிருக்கவில்லை. கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. நானே செய்து பார்க்கிறேன் என்று மாமனாரிடம் சொன்னேன். அந்த முடிவு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பருவத்தில் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. எத்தனை இரவுகள் தூக்கம் போனது என்பதற்குக் கணக்கில்லை. போனதில் பெரும்பகுதி, விவரம் தெரிந்த ஒருவர் அருகில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லியிருந்தால் போயிருக்காது. அப்படிச் சொல்ல எனக்கு யாரும் வாய்க்கவில்லை என்பதால், இதே வழியில் வரப்போகிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ரூபியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. ஜப்பானில் யுகிஹிரோ மாட்சுமோட்டோ உருவாக்கி 1995 ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த நிரல் மொழியை, பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் என்னால் வாசித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. ரூபியில் வலைப்பக்கம் என்றால் எல்லாரும் முதலில் சொல்வது ரெயில்ஸ். டேவிட் ஹைனமையர் ஹான்சன் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட அது முழுக் கட்டமைப்பு. கதவு, சன்னல், பூட்டு எல்லாம் வைத்தே கொடுக்கும் வீடு போன்றது. என்னிடம் இருந்ததோ நான்கு ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. ரெயில்ஸை நிறுவும்போதே வரிசையாக இறங்கிய ஜெம்களை (ரூபியோடு சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளை) பார்த்து மலைத்துப்போய், சினாட்ராவுக்கு மாறினேன். பிளேக் மிஸரேனி 2007 ஆம் ஆண்டு தொடங்கிய சிறிய நிரல் நூலகம் அது. இந்த முகவரிக்கு யாராவது வந்தால் இதைக் காட்டு என்று மூன்று நான்கு வரிகளில் சொல்லிவிடலாம், பக்கம் வந்துவிடும். அந்தச் சுருக்கம்தான் என்னை ஈர்த்தது. ஆனால் ஒரு நூலகம் சிறியதாக இருக்கிறது என்றால், அது செய்யாமல் விட்ட வேலைகள் நம் தலையில் இருக்கின்றன என்று பொருள். அவை என்னென்ன என்று தெரிந்துகொண்டு சினாட்ராவை எடுப்பவர்களுக்கு அது அருமையான கருவி. நான் தெரிந்துகொள்ளாமல் எடுத்தேன்.

தொடக்கத்திலேயே மூன்று மாலைகள் வீணாயின. நான் பின்பற்றிய பாடம் ரூபியின் இரண்டாம் பதிப்புக் காலத்தில் எழுதப்பட்டது. அதில் சினாட்ரா ஜெம்மை மட்டும் நிறுவினால் போதும் என்று இருந்தது. அன்றைக்கு அது சரிதான். வெப்ரிக் என்ற, கேட்பவருக்குப் பக்கத்தை அனுப்பும் சிறிய சர்வர் ரூபியுடனே சேர்ந்து வந்தது. 2020 டிசம்பரில் வெளியான ரூபி 3.0 இலிருந்து அது தனி ஜெம் ஆகிவிட்டது. 2024 சனவரியில் வந்த சினாட்ராவின் நான்காம் பதிப்புக்கோ பூமா என்ற சர்வர், அதைத் தொடங்கிவைக்கும் ரேக்கப் என்ற இரண்டு ஜெம்களையும் நாமே சேர்த்துக்கொடுக்க வேண்டும். இதைப் பிழைச் செய்தியே சொல்லியிருந்தது. திரை நிறைய ஆங்கிலத்தைக் கண்டதும் முழுவதும் படிக்காமல், மூன்று நாளும் ரூபியை அழித்து அழித்து மறுபடி நிறுவிக்கொண்டிருந்தேன். ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இது: பாடம் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள், அதில் உள்ள பதிப்பு எண்ணை உங்களுடையதோடு ஒப்பிடுங்கள், பிழைச் செய்தியைக் கடைசி எழுத்து வரை படியுங்கள். எந்தெந்த ஜெம், எந்தப் பதிப்பு என்பதை ஜெம்ஃபைல் என்ற கோப்பில் எழுதி, பண்ட்லர் என்ற நிறுவும் கருவி மூலமாகவே நிறுவுங்கள். அது உண்டாக்கும் பூட்டுக் கோப்பை நிரலோடு சேர்த்துப் பாதுகாத்தால், பிறகு சர்வரில் ஏற்றும்போது வீட்டில் ஓடிய அதே பதிப்புகள் அங்கேயும் ஓடும்.

பக்கத்தின் வடிவத்தை ஈ.ஆர்.பி. என்ற வார்ப்புருவில் எழுதினேன். சாதாரண எச்.டி.எம்.எல். எழுதிக்கொண்டே போய், மாற வேண்டிய இடத்தில் மட்டும் சதவீதக் குறிகளுக்கு நடுவில் ரூபியை வைக்கலாம். முதல் நாள் இரவு, ரகங்களின் பெயரும் விலையும் வர வேண்டிய அட்டவணையில் ஐந்து வரிசைகள் வந்தன, ஐந்தும் காலி. கோடுகள் இருந்தன, எழுத்து ஒன்றுகூட இல்லை. தரவைச் சோதித்தேன், அது சரியாக இருந்தது. இரவு ஒரு மணி வரை பார்த்தபின்தான் தெரிந்தது, தொடக்கச் சதவீதக் குறியை ஒட்டி ஒரு சமக்குறி போட வேண்டும் என்பது. சமக்குறி இல்லாவிட்டால் ரூபி அந்த வரியை இயக்கும், விடையைப் பக்கத்தில் எழுதாது. சுற்றி வருவதற்கும் நிபந்தனைக்கும் சமக்குறி வேண்டாம், மதிப்பைக் காட்டுவதற்கு வேண்டும். இன்னொன்றும் அதே வாரத்தில் நடந்தது. வார்ப்புருவில் செய்த மாற்றம் உடனே தெரிந்தது; ஆனால் முதன்மை ரூபிக் கோப்பில் விலையை மாற்றினால் பழைய விலையே வந்துகொண்டிருந்தது. சினாட்ரா அந்தக் கோப்பைத் தொடங்கும்போது ஒரு முறைதான் படிக்கிறது. மாற்றியபின் நிறுத்தித் தொடங்க வேண்டும், அல்லது சினாட்ரா-கான்ட்ரிப் என்ற ஜெம்மில் உள்ள ரீலோடரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் என் நேரத்தை மட்டுமே எடுத்துக்கொண்டவை. மற்றவர்களைப் பாதித்த முதல் தவறு கூடையில் நடந்தது. வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் பெட்டிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், எல்லா இடத்திலிருந்தும் எட்டக்கூடிய பொது மாறி ஒன்றில் வைத்திருந்தேன். வீட்டில் நான் ஒருத்தியே சோதித்துப் பார்த்தவரை அது அழகாக வேலை செய்தது. மே முதல் வாரத்தில் முகவரியை உறவினர்களுக்கு அனுப்பிய அன்று மாலை, பெங்களூருவில் இருக்கும் என் நாத்தனார் அழைத்தார். “அண்ணி, நான் ரெண்டு பெட்டி செந்தூராதான் போட்டேன், இங்க மல்கோவா நாலு பெட்டி சேர்ந்து காட்டுதே” என்றார். அதே நேரத்தில் சென்னையில் இருக்கும் என் சித்தி மல்கோவா போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே கூடையில் பழம் போட்டிருக்கிறார்கள். கேட்டவுடன் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சொந்தக்காரர் என்பதால் சொன்னார்கள், வெளியாள் என்றால் சொல்லாமலே போயிருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் மாறும் வலைப்பக்கம் என்றால் என்ன என்பதே எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு செய்தியும் எவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும், யாருக்குத் தெரிய வேண்டும் என்று எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘அட்’ (@) குறி போட்டுத் தொடங்கும் மாறி, ஒரே ஒரு கோரிக்கைக்கு, அதாவது உலாவி ஒரு முறை பக்கம் கேட்பதற்கு மட்டும் உயிரோடிருக்கும். பக்கத்தை அனுப்பியதும் அதன் வேலை முடிந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் உரியது, அவர் பக்கம் பக்கமாகப் போகும்போதும் கூடவே வர வேண்டியது என்றால் அதன் இடம் செஷன், அதாவது அந்த ஒருவருக்கென்று தனியாக வைக்கும் நினைவு. எல்லாருக்கும் பொதுவானது, சர்வரை நிறுத்தித் தொடங்கினாலும் அழியக்கூடாதது என்றால் தரவுத்தளம். பொது மாறிக்கு இந்த மூன்றிலும் இடமில்லை. பூமா ஒரே நேரத்தில் பல இழைகளில் (இணையாக ஓடும் வேலைகளில்) பலருக்குப் பதில் சொல்வதால், பொது மாறியில் நீங்கள் எழுதுவதை இன்னொருவரின் கோரிக்கை அழித்துவிடும். செஷனுக்கு மாறியபோதும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். செஷனைக் கையொப்பமிடும் ரகசியச் சாவியை நாம் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சினாட்ரா புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அதனால் நான் சர்வரை மறுபடி தொடங்கிய ஒவ்வொரு முறையும் எல்லாருடைய கூடையும் காலியானது. சாவியை நீளமாக உண்டாக்கி, நிரலுக்குள் எழுதாமல் சர்வரின் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே சர்வரில் வைக்கும் அமைப்பில்) வைத்த பிறகே அது நின்றது.

அடுத்தது தரவுத்தளம். எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்தினேன், ஒரே கோப்பு, தனியாக எதையும் ஓட்ட வேண்டியதில்லை. எங்களைப் போன்ற சிறிய வியாபாரத்துக்கு அது தாராளமாகப் போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தவறு அதை வைத்த இடத்தில் நேர்ந்தது. இலவசமாக ஓட்டித்தரும் ஒரு சேவையில் நிரலை ஏற்றியிருந்தேன். அங்கே ஒவ்வொரு முறை நிரல் மறுபடி தொடங்கும்போதும் அதற்குப் புதிய, சுத்தமான வட்டு கொடுக்கப்படும் என்று அவர்களுடைய விளக்கத்தில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. மே மாதம் ஒரு புதன்கிழமை காலை ஆர்டர் பட்டியலைத் திறந்தேன். தலைப்பு இருந்தது, அதன் கீழே ஒன்றுமே இல்லை. முந்தைய இரவு வரை முப்பத்தெட்டு ஆர்டர்கள் இருந்தன. பக்கத்தைப் புதுப்பித்தேன், கைப்பேசியில் பார்த்தேன், கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் நடுவே போன் செய்து அவரையும் பார்க்கச் சொன்னேன். நிரல் இரவில் தானாக மறுபடி தொடங்கியிருக்கிறது. எஸ்க்யூலைட் கோப்பு பழைய வட்டோடு போய்விட்டது.

எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, பணம் வந்ததற்கான யு.பி.ஐ. குறுஞ்செய்திகள், அவற்றில் தொகையும் பெயரும் இருந்தன. மற்றொன்று மாமனாரின் நோட்டு. பக்கம் வந்த பிறகும் அவர் ஒவ்வொரு நாள் மாலையும் என்னை வாசிக்கச் சொல்லி, பெயர், ஊர், ரகம், பெட்டி என்று தன் கையால் எழுதி வந்தார். “இது இருக்கட்டும்மா, மழை வந்தா கரண்டு போயிடும்” என்பார். செவ்வாய்க்கிழமை மாலைக்குப் பிறகு வந்த ஆர்டர்கள் மட்டும் அதில் இல்லை. இரண்டு இரவுகள் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் அழைத்து மன்னிப்புக் கேட்டு, விட்டுப்போனவர்களின் முகவரியை மறுபடி வாங்கினோம். காய் தாமதமாகப் போனதற்காக எட்டுப் பெட்டிகளைக் காசில்லாமல் அனுப்பினோம்; பெட்டி 550 ரூபாய் வீதம் 4,400 ரூபாய். ஆகவே எந்தச் சேவையில் ஏற்றினாலும், எழுதிய கோப்பு மறுநாள் இருக்குமா என்ற கேள்விக்கு அவர்களுடைய விளக்கத்தில் விடை தேடுங்கள். தேடியும் தெளிவாகவில்லை என்றால் ஒரு பொய் ஆர்டரைப் போட்டு, நிரலை நிறுத்தித் தொடங்கி, அது இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நான் நிலையான வட்டு உள்ள சிறிய வாடகை சர்வருக்கு மாறினேன். அங்கேயும் தினமும் ஒரு பிரதி வெளியே போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கலாம் என்பதால், அதிலேயே உள்ள பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துவது நல்லது.

பணம் அதிகம் போனது இதில் இல்லை, இரட்டை ஆர்டரில். ஜூன் மாதம் பங்கனப்பள்ளி உச்சத்தில் இருந்தபோது ஒரே பெயரில், ஒரே முகவரிக்கு, ஒரே அளவில் இரண்டு இரண்டு ஆர்டர்கள் வரத் தொடங்கின. அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக வாங்குகிறார்கள் என்று நினைத்து அனுப்பிவிட்டோம். பெட்டி போய்ச் சேர்ந்தபின் ஒவ்வொருவராக அழைத்தார்கள்: நான் ஒன்றுதான் கேட்டேன், பணமும் ஒன்றுக்குத்தான் கொடுத்தேன். நடந்தது என்னவென்றால், ஆர்டர் பொத்தானை அழுத்தியதும் என் நிரல் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, அதே பதிலில் நன்றிப் பக்கத்தைக் காட்டியது. அந்தப் பக்கத்தை ஒருவர் புதுப்பித்தால், உலாவி பழைய படிவத்தையே மறுபடி அனுப்புகிறது. சிக்னல் குறைவான இடத்தில் இருப்பவர், ஒன்றும் நடக்கவில்லை என்று பொத்தானை இரண்டாம் முறை அழுத்துகிறார். இரண்டும் வந்து சேர்கின்றன. பதினான்கு பெட்டிகள் இப்படிக் கூடுதலாகப் போயின. பெட்டிக்கு 550 ரூபாயும் பார்சல் கூலி 90 ரூபாயுமாக 8,960 ரூபாய். திருப்பி அனுப்பிய சில பெட்டிகளைத் திறந்தபோது வைக்கோல் நனைந்து, காம்புப் பக்கம் கருத்து, ஒன்றை ஒன்று அழுத்திக் கசிந்திருந்தது. அந்த வாசனை வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் இருந்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் பழங்களை எடுத்து மாட்டுக்குப் போட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இதற்கு மருந்து இரண்டு அடுக்காக இருக்கிறது, இரண்டுமே வேண்டும். படிவம் வந்து தரவுத்தளத்தில் எழுதியதும் பக்கத்தைக் காட்டாதீர்கள். வேறு முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். சினாட்ராவில் அதற்கு ஒரு சொல்தான். திருப்பிவிட்டபின் புதுப்பித்தால் நன்றிப் பக்கம் மட்டுமே மறுபடி வரும், ஆர்டர் வராது. இது புதுப்பித்தலைத் தடுக்கும். இரட்டை அழுத்தத்தைத் தடுக்காது. அதற்குப் படிவத்தைக் காட்டும்போதே அதனுள் மறைவாக ஒரு தனி எண்ணை வைத்து, ஆர்டர் அட்டவணையில் அந்த எண் ஒரு முறைதான் வரலாம் என்று தரவுத்தளத்துக்கே விதி போட வேண்டும். இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளம் மறுக்கும். நீங்கள் வாடிக்கையாளருக்குப் பழைய ஆர்டரையே காட்டிவிடலாம். அழுத்தியதும் பொத்தானை மங்கச் செய்யும் ஜாவாஸ்கிரிப்டைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அது கண்ணுக்கு நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நம்பி விதியை விட்டுவிடாதீர்கள். கடைசிப் பெட்டியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்பதற்கும் இதே சிந்தனைதான்: இருப்பை ரூபியில் படித்து, கழித்து, எழுதக்கூடாது, இருப்பு மிச்சமிருந்தால் மட்டும் ஒன்றைக் குறை என்று தரவுத்தளத்திடம் ஒரே கட்டளையில் சொல்ல வேண்டும்.

நேரம் பற்றிய தவறைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. விடியற்காலை ஐந்து மணிக்குக் காய் பறிக்க ஆள் வந்துவிடுவார்கள். அன்று அனுப்ப வேண்டியவற்றின் பட்டியலை நான் கைப்பேசியில் பார்த்து மாமனாருக்குச் சொல்வேன். சில நாள் பட்டியல் சரியாக இருந்தது, சில நாள் முந்தைய நாளுடையது போலத் தோன்றியது. ஒருநாள் நான் சொன்னபடி ஒன்பது பெட்டி பங்கனப்பள்ளிக்குப் பறித்து அடுக்கியபின், மறுபடி திறந்து பார்த்தால் அன்றைய பட்டியலில் இருந்தது அத்தனையும் செந்தூரா. பறித்த காயை மண்டிக்கு அனுப்பினோம். பெட்டிக்கு 350 ரூபாய் நட்டம், மொத்தம் 3,150. மறுநாள் வேண்டுமென்றே 5.10 மணிக்கும் 5.40 மணிக்கும் பட்டியலைத் திறந்து, இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அருகருகே வைத்தேன். நான் எதையும் தொடவில்லை. நடுவில் தேதி மட்டும் மாறியிருந்தது. என் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். எனவே விடியற்காலை ஐந்தரை வரை ரூபிக்கு ‘இன்று’ என்பது நம்முடைய நேற்று. தாமதமாக எழுந்து பார்த்த நாள்களில் பட்டியல் சரியாக இருந்ததும், சீக்கிரம் பார்த்த நாள்களில் தவறாக இருந்ததும் இதனால்தான். சர்வரின் சூழல் மாறியில் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று வைத்ததும் சரியானது. ஆர்டர் வந்த நேரத்தைப் பொது நேரத்திலேயே சேமித்து, காட்டும்போதும் நாளாகப் பிரிக்கும்போதும் மட்டும் நம் நேரத்துக்கு மாற்றுவது இன்னும் உறுதியான வழி. பருவம் முடிந்து மறுபடி எழுதியபோது அப்படித்தான் எழுதினேன். பால், பூ, காய்கறி என்று விடியுமுன் நடக்கும் எந்த வியாபாரத்துக்குப் பக்கம் செய்தாலும் இதை முதல் நாளே சோதியுங்கள்.

தமிழில் பக்கம் செய்பவர்களுக்கென்று தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றை எந்தப் பாடத்திலும் நான் பார்க்கவில்லை. பெட்டியில் ஒட்டும் சீட்டில் இடம் குறைவு என்பதால், ரகத்தின் பெயரைப் பதினோரு எழுத்துக்கு மேல் போனால் வெட்டும்படி எழுதியிருந்தேன். பங்கனப்பள்ளி நம் கண்ணுக்கு எட்டு எழுத்துதானே, வெட்டுப்படாது என்று நினைத்தேன். சீட்டில் ‘பங்கனப்பள்ள’ என்று அச்சாகி வந்தது. ரூபி நீளத்தைக் கேட்டால் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணிப் பன்னிரண்டு என்கிறது. நாம் எழுத்து என்று சொல்வதை எண்ணவும் வெட்டவும் கிராஃபீம் கிளஸ்டர் என்ற முறை ரூபி 2.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. தமிழுக்கு அதையே பயன்படுத்த வேண்டும். அடுத்தது தேடல். போச்சம்பள்ளி என்று தேடினால் மூன்று ஆர்டர்கள் வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. மூன்றாவது கண்ணெதிரே பட்டியலில் இருந்தது. ‘போ’ என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. எந்த விசைப்பலகையில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து இது மாறுகிறது. படிவத்தில் வரும் ஒவ்வொரு சொல்லையும் சேமிக்கும் முன்பே ரூபியின் யூனிகோட் நார்மலைஸ் முறையால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தேடும் சொல்லுக்கும் அதையே செய்ய வேண்டும்.

பாதுகாப்பு பற்றி எனக்கு உறைத்தது தற்செயலாகத்தான். ஒருவர் தன் பெயரோடு மின்னஞ்சலையும் கூர் அடைப்புக்குள் (< >) வைத்து எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருந்தார். ஆர்டர் பட்டியலில் பெயர் மட்டும் தெரிந்தது, மின்னஞ்சல் காணவில்லை. தரவுத்தளத்தில் இருந்தது. கூர் அடைப்பைக் கண்ட உலாவி அதைத் தனக்கான குறிச்சொல் என்று எடுத்துக்கொண்டு மறைத்துவிட்டது. அன்று இரவு யோசித்தபோதுதான் பயம் வந்தது: மின்னஞ்சலுக்குப் பதில் ஒருவர் ஜாவாஸ்கிரிப்டை எழுதியிருந்தால், நான் பட்டியலைத் திறந்ததும் அது என் உலாவியில், என் அனுமதியோடு ஓடியிருக்கும். ரெயில்ஸ் தன் மூன்றாம் பதிப்பிலிருந்து இத்தகைய குறிகளைத் தானாகவே மாற்றிக்காட்டுகிறது. சினாட்ராவின் ஈ.ஆர்.பி. இயல்பாக அதைச் செய்யாது, ஈருபி (erubi) என்ற ஜெம்மைச் சேர்த்து, எஸ்கேப் எச்.டி.எம்.எல். என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும். இயக்கியதும் என் பக்கம் முழுவதும் குறிச்சொற்களாகவே தெரிந்து மறுபடி திகைத்தேன். பொது வடிவத்துக்குள் உள்பக்கத்தைச் செருகும் இடத்தில் மட்டும் இரட்டைச் சமக்குறி போட வேண்டும் என்று பிறகு தெரிந்தது. அதே வாரத்தில், பெயரில் ஒற்றை மேற்கோள் குறி வரும் வாடிக்கையாளர் ஒருவரால் ஆர்டரே போட முடியவில்லை. பெயரைத் தரவுத்தளக் கட்டளைக்குள் நேரடியாக ஒட்டி எழுதியிருந்தேன்; அந்தக் குறி கட்டளையையே பாதியில் முடித்துவிட்டது. தீய எண்ணம் உள்ளவர் அதே ஓட்டையில் கட்டளையையே தன் விருப்பப்படி மாற்றிவிடலாம். கேள்விக்குறியை வைத்து மதிப்பைத் தனியாகக் கொடுக்கும் முறை எஸ்க்யூலைட் ஜெம்மிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எதையும் வேறு வழியில் உள்ளே விடாதீர்கள்.

ஜூலையில் நீலம் முடிந்ததும் பக்கத்தை நிறுத்திவைத்து, ஐப்பசி மழைக் காலத்தில் முதலிலிருந்து எழுதினேன். மறுபடியும் சினாட்ராவே. நன்கு யோசித்துத்தான் அதை எடுத்தேன்: எங்கள் தேவை ஐந்து பக்கங்கள், இரண்டு அட்டவணைகள், என் நிரலின் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். பயனர் கணக்குகள், மின்னஞ்சல், பலர் சேர்ந்து வேலை செய்வது என்று வளரும் திட்டம் உள்ளவர்களுக்கு நான் ரெயில்ஸையே சொல்வேன். இன்னொன்று, பருவம் நடக்கும்போது கற்றுக்கொண்டே செய்வதைத் தவிருங்கள். எனக்கு மே, ஜூன், ஜூலை மட்டுமே வியாபாரம். தவறு செய்ய மீதி ஒன்பது மாதம் இருந்தது, அதைப் பயன்படுத்தாமல் விட்டேன்.

2025 மார்ச்சில், மரங்களில் பிஞ்சு பட்டாணி அளவில் இருந்தபோது, மாமனாரைத் தோப்பின் கிழக்கு மூலைக்கு அழைத்துப் போனேன். கிணற்றுக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் புளிய மரத்தடியில்தான் சிக்னல் ஒரே கோடாகத் தெரியும். என் கைப்பேசியில் ஆர்டர் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்து, “விடாம அழுத்துங்க மாமா” என்றேன். அவர் பத்துப் பன்னிரண்டு முறை அழுத்தினார். வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நன்றிப் பக்கம் வந்தது. அதையும் மூன்று முறை இழுத்துப் புதுப்பித்தார். வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் பட்டியலைத் திறந்து காட்டினேன். செந்தூரா, ஒரு பெட்டி, ஒரே ஒரு வரிசை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்துவிட்டு, நோட்டை எடுத்து அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டார்.